ஈற்றில் முளைத்த கட்டி

திங்கள்
பிரசவ அறையிலிருந்து அவசர அழைப்பு. பெண் குழந்தை, அழுகை, நிறம், எடை எல்லாம் சரி. வாயைத் திறந்தால் மேல் ஈற்றின் முன்பக்கம் திராட்சை அளவில் வழவழப்பான இளஞ்சிவப்புக் கட்டி, சிறு காம்பில் தொங்குகிறது. மூச்சுக்குத் தடையில்லை. மார்பைக் கவ்வத்தான் முடியவில்லை. "கிரகணத்தன்னிக்கு வெளிய போகாதேன்னு சொன்னேனே" என்று பாட்டி தாயைக் கடிந்துகொண்டார். எனக்குக் கோபம் வந்தது. பிரசவித்த களைப்போடு பழியையும் சுமக்க வேண்டுமா அந்தப் பெண்?

செவ்வாய்
தந்தை கேட்ட முதல் கேள்வி, "புற்றுநோயா டாக்டர்?" இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். பார்த்த அளவில் இது பிறவி எபுலிஸ். 1871-இல் ஜெர்மானிய நோயியல் மருத்துவர் நியூமன் முதலில் விவரித்தார். பெண் குழந்தைகளுக்கே மிக அதிகமாக வருகிறது. மேல் ஈற்றில் வருவதே கூடுதல். காரணம் இன்றுவரை தெளிவாகவில்லை. பிறந்தபின் இது வளர்வதில்லை. சிறியதாக இருந்தால் தானே சுருங்கிவிடுவதும் உண்டு. பெரிதாக இருந்து வாயை அடைத்தால் பால் குடிப்பதும் மூச்சும் சிரமம். சில குழந்தைகளுக்குக் கடைசி மாதங்களின் ஸ்கேனிலேயே தெரிந்துவிடும்.

புதன்
தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டுகிறோம். பாட்டியே பொறுமையாக ஊட்டுகிறார். காம்பில் நூல் கட்டினால் விழுந்துவிடாதா என்று ஓர் உறவினர் கேட்டார். கூடவே கூடாது, இரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் வரும்.

வெள்ளி
மயக்கம் கொடுத்துக் கட்டியை அகற்றினார்கள். சிறு அறுவைதான். சற்று மிச்சமிருந்தாலும் மறுபடி வளராது என்பதால் ஈற்றை ஆழமாகத் தோண்டவில்லை. உள்ளே பல் முளைகள் இருக்கின்றன அல்லவா! மாலையில் குழந்தை மார்பைக் கவ்வியது.

அடுத்த வியாழன்
திசுப் பரிசோதனை முடிவு வந்தது: துகள் நிறைந்த பெரிய செல்கள், எஸ்-100 என்ற புரதம் இல்லை. பெரியவர்களுக்கு வரும் துகள்செல் கட்டியில் எஸ்-100 இருக்கும். அதனால் இது வேறு. பிறவி எபுலிஸ் உறுதி. பற்கள் வழக்கம்போல் முளைக்கும் என்று தாயிடம் சொன்னேன்.

இப்படியொரு கட்டியோடு குழந்தை பிறந்தால் கையால் கிள்ளவோ நூல் கட்டவோ வேண்டாம். அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தாயைக் குற்றம் சொல்லாதீர்கள்.