அத்தாவின் புல்லட்டும் வாரிசுகளின் பங்கும்



மரணித்தவர் விட்டுச்சென்ற வீட்டையும் நிலத்தையும் பங்கிடுவது குறித்து நம் ஜமாஅத்துகளில் அவ்வப்போது பேசப்படுகிறது. ஆனால் அவர் ஓட்டிய வண்டி, தைத்த மெஷின், கட்டிய கைக்கடிகாரம் ஆகியவை பற்றிப் பேசுவோர் குறைவு. யார் கைக்கு எட்டுகின்றனவோ அவருக்கே அவை உரியவையாகிவிடுகின்றன. எங்கள் குடும்பத்தில் இக்கேள்வி ஒரு மோட்டார் சைக்கிளின் வடிவில் எழுந்தது.

என் தம்பி இரண்டு ஆண்டுகளுக்கு முன் வஃபாத்தானார். திருப்பூரில் ஜாப் ஒர்க் முறையில் துணி நெய்து கொடுக்கும் சிறிய நிட்டிங் யூனிட் அவருடையது. காதர்பேட்டைக்குப் பனியன் பண்டல்களை ஏற்றிச் சென்ற காலத்திலிருந்தே அவரிடம் ஒரு 350 சி.சி. புல்லட் இருந்தது. திருவொற்றியூரில் 1955 முதல் தயாராகிவந்த அந்த வகை வண்டி. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். அவர் மறைந்த பின் வண்டியின் ஆர்.சி. அவருடைய மகன் பெயருக்கு மாற்றப்பட்டது. உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதங்களுக்குள் படிவம் 31 வழியே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஏனைய வாரிசுகள் ஒப்புதல் கையொப்பமிட்டார்கள், வேலை முடிந்தது.

தம்பி மகனுக்கு இப்போது வயது 23. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பராமரிப்புப் பணியில் இருக்கிறான். சென்ற ரமளானுக்குப் பின் ஒரு நாள் மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். உள்ளே நத்தை ஓடு போன்ற இரண்டு உலோகக் கூடுகள், அவற்றை இணைக்கும் தண்டு, அழுத்தம் காட்டும் பழைய மீட்டர், வளைந்த குழாய்கள். நான்கு சிலிண்டர் ஜப்பானிய வண்டிகளுக்கென 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விற்கப்பட்ட டர்போசார்ஜர் கிட் அது. துபாயில் பணிபுரியும் நண்பன் வழியாக, தன் சம்பளச் சேமிப்பில் வாங்கியிருந்தான். அதை அத்தாவின் புல்லட்டில் பொருத்தப் போவதாகச் சொன்னான்.

அவன் அம்மா என்னிடம் ஒரே ஒரு சொல்தான் சொன்னார்: "நீங்க சொன்னா கேப்பானுங்க, மச்சான்." கணவரை இழந்த வீட்டில் மகனும் வேகமாக வண்டி ஓட்டத் தொடங்கினால் ஒரு தாய் இரவில் எப்படி உறங்குவார்?

ஆயினும் மறுப்பதற்கு முன் அவன் சொல்வதைக் கேட்பது முறை. டர்போசார்ஜர் என்பது சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905 இல் காப்புரிமை பெற்ற கருத்து. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் கூடுதலாகப் பெட்ரோல் எரியும்; ஆற்றல் பெருகும்.

"பெரியத்தா, புகையா வீணாப் போறதைத்தானே எடுத்துப் பயன்படுத்தறேன்? இதுல வீண்விரயம் எங்கே இருக்கு?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. திருப்பூரில் வாழும் எவரும் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட நாட்களை நாம் மறக்கவில்லை. அதன்பின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நீரையும் உப்பையும் மீட்டெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு இவ்வூர் மாறியது. அவன் வேலை செய்யும் பாய்லரிலும் புகைபோக்கிக்குப் போகும் வெப்பத்தைக் கொண்டு உள்ளே வரும் நீரைச் சூடாக்கும் எகனாமைசர் உண்டு. வீணாவதைப் பயனாக்கும் பாடத்தை அவன் தொழிலிலிருந்தே கற்றிருக்கிறான்.

எனவே விரயம் என்று சொல்லி அவன் வாயை அடைக்க நான் விரும்பவில்லை. புல்லட்டுகளைப் பல்லாண்டுகளாகப் பிரித்துக் கோக்கும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் இருவரும் போனோம். அவர் கிட்டைக் கையில் எடுத்து, தண்டை விரலால் சுழற்றிப் பார்த்துவிட்டு, "இது நல்ல சாமான்தான் தம்பி. ஆனா இந்த வண்டிக்கு இல்லை" என்றார்.

அவர் விளக்கியவை இவை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக் கூடியது. அது உருள் குண்டுகளின் மீதல்ல, அழுத்தத்துடன் வரும் எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்து சுழல்கிறது. பழைய புல்லட்டின் ஆயில் பம்பு மிகக் குறைந்த அழுத்தத்தில் எண்ணெயைச் சுற்றவிடுவது. தன் எஞ்சினுக்கே அளந்து ஊற்றுவது. கொதிக்கும் டர்போவுக்கும் அதிலிருந்தே பங்கு கொடுத்தால் இரண்டில் ஒன்று பட்டினி கிடக்கும். அழுத்திய காற்று சூடாகும். சூடான கலவை நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனைத் துளைக்கும். 18 குதிரைத்திறன் அளவுக்குச் செய்த கனெக்டிங் ராடும் கியர்பாக்ஸும் டிரம் பிரேக்கும் அப்படியேதான் இருக்கும்.

தம்பி மகன் விடவில்லை. புல்லட்டின் கம்ப்ரஷன் குறைவு; டர்போவுக்கு அதுவே ஏற்றது என்றான். அதுவும் உண்மையே என்று மெக்கானிக் ஒப்புக்கொண்டார். பிறகு ஒரு கணக்குப் போடச் சொன்னார். அந்தக் கிட் ஏறக்குறைய 1000 சி.சி. எஞ்சின் 8000 சுற்றில் ஓடும்போது தரும் புகைக்காகச் செய்யப்பட்டது. புல்லட்டோ 346 சி.சி., 5000 சுற்று. இரண்டையும் பெருக்கி ஒப்பிட்டால் புல்லட் தரும் புகை, தேவையானதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் ஒற்றை சிலிண்டர்; இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் மூச்சு விடும். வாய்க்கால் நீரில் ஆற்றுக்கான சக்கரத்தை வைத்தால் அது சுழலாது. கணக்கைத் தன் கையாலேயே எழுதி முடித்தபோது அவன் முகம் வாடிவிட்டது.

பெரிய நிறுவனங்களே இதில் தயங்கித்தான் நடந்தன. அமெரிக்காவில் 1978 இல் விற்பனைக்கு வந்த கவாசாகியின் இசட்1ஆர்-டிசி வண்டி, இத்தகைய கிட் பொருத்தப்பட்டு, வாரண்டி இல்லாமலேயே விற்கப்பட்டது. 1982 இல் ஹோண்டா தன் சி.எக்ஸ்.500 டர்போவைக் கொண்டுவந்தபோது எரிபொருள் செலுத்தும் முறையையே மின்னணுவாக்க வேண்டியிருந்தது. யமஹா, சுசுகி, கவாசாகி ஆகியவையும் டர்போ வண்டிகளைச் செய்தன. 1980களின் நடுப்பகுதிக்குள் அனைத்தும் நின்றுபோயின.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988 இன் 52 ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றியமைக்கக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடும் கேள்விக்குள்ளாகும். பல்லடம் சாலையில் எதிரே வருபவர் தையல் வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு பெண்ணாக இருக்கலாம். தனக்கும் தீங்கிழைக்காமல் பிறருக்கும் தீங்கிழைக்காமல் வாழ்வது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி.

ஆனால் இவை அனைத்துக்கும் முந்திய கேள்வி ஒன்று இருந்தது. அதைத்தான் நான் கடைசியாகக் கேட்டேன்: "இந்த வண்டி யாருடையது?"

"என்னுடையதுதான். ஆர்.சி. என் பெயரில் இருக்கிறதே" என்றான்.

ஆர்.சி. என்பது அரசின் பதிவேடு. சாலையில் ஓடும் வண்டிக்கு யார் பொறுப்பு என்பதை அது சொல்கிறது. வாரிசுகளின் பங்கை அது அழித்துவிடாது. ஒருவர் இறந்தபின் அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை போக எஞ்சுவது அனைத்தும், சூரா அந்நிஸாவின் 11, 12 ஆம் வசனங்கள் வகுத்தபடி வாரிசுகளைச் சேரும். முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு 1937 ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தின் வழியே இந்நாட்டுச் சட்டத்திலும் இதுவே அடிப்படை. நூல் கடைக்குத் தம்பி வைத்திருந்த பாக்கியை முதலில் தீர்த்தோம், யூனிட்டைப் பங்கிட்டோம். வண்டியை மட்டும் எவரும் கணக்கில் எடுக்கவில்லை. "அது பையனுக்குத்தானே" என்று எல்லோரும் எண்ணினார்கள்.

எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டோம். இரண்டு மெக்கானிக்குகள் வண்டியின் மதிப்பை 72,000 ரூபாய் என்றார்கள். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, 9,000. எங்கள் தாயாருக்கு ஆறில் ஒரு பங்கு, 12,000. எஞ்சிய 51,000 இல் மகனுக்கு 34,000, மகளுக்கு 17,000. மகன் இருக்கையில் சகோதரனான எனக்குப் பங்கில்லை.

என் தாயார் தம் பங்கைப் பேரனுக்கே மனமுவந்து விட்டுக்கொடுத்தார். அவன் அம்மாவும் அவ்வாறே செய்தார். ஆனால் தங்கைக்கு வயது 11. தந்தையை இழந்த யத்தீம். அவள் பங்கை விட்டுக்கொடுக்க அவள் அம்மாவுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. அவளே "அண்ணனுக்குக் கொடுத்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டு சொன்னாலும் பருவமடையாதவளின் அச்சொல் செல்லாது என்றார் இமாம். யத்தீம்களின் பொருள் குறித்துக் குர்ஆன் விடுக்கும் எச்சரிக்கையை அறிந்தவர்கள் அந்த 17,000 ரூபாயைச் சிறிய தொகை என்று எண்ண மாட்டார்கள்.

தம்பி மகன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அவ பங்கும் இருந்த வண்டியையா நான் அறுத்து வெல்டிங் பண்ணப் பார்த்தேன்" என்றான். மூன்று மாதச் சம்பளத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்து அத்தொகையைத் தந்தான். அதைத் தங்கமாக வாங்கி, அவளுடையது என்று எழுதி, அவள் அம்மாவின் பொறுப்பில் வைத்திருக்கிறோம். அதன்பின்தான் புல்லட் முழுமையாக அவனுடையதாயிற்று.

டர்போ ஆசை அவனை விட்டுப் போய்விடவில்லை. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஒரு கார் எஞ்சினைத் தேடிக்கொண்டிருக்கிறான். அதை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயில் பம்பு தனியாகப் பொருத்தி, கிட்டை அதில் ஓட்டிப் பார்க்கப் போகிறானாம். சாலைக்கு வராத எஞ்சினில் அவன் கற்றுக்கொள்வதற்கு எவருக்கும் மறுப்பில்லை. அத்தாவின் வண்டியோ கம்பெனி செய்தபடியே ஓடுகிறது. வெள்ளிக்கிழமை தோறும் தங்கையை மதரஸாவில் இறக்கிவிட்டு வருகிறான்.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு வண்டியோ, பவர் டேபிளோ, பீரோவில் பூட்டிய கடிகாரமோ இருக்கக்கூடும். அதன் விலை சிறிதாக இருக்கலாம். அதில் பங்குள்ளவர் பேசத் தெரியாத சிறுமியாகவோ, கேட்கத் தயங்கும் மூதாட்டியாகவோ இருக்கலாம். அவர்கள் கேட்பதற்கு முன் நாம் கணக்குப் பார்ப்போம். அல்லாஹ் நம் அமானிதங்களை நிறைவேற்றும் ஆற்றலை நமக்குத் தருவானாக.