கரமனையில் கிடைத்த பாடம்

திருவனந்தபுரம் என்றதும் இன்று பலருக்குக் கழக்கூட்டத்தின் மென்பொருள் வளாகங்களே நினைவுக்கு வருகின்றன. அதே நகரின் தென்பகுதியான கரமனைக்குத் தமிழிசை வரலாற்றில் ஓர் இடம் உண்டு. நீலகண்ட சிவன் (1839–1900) தம் தமிழ்ப் பாடல்களால் பஜனை மரபை வளர்த்தது அங்கேதான்.

தந்தையை இழந்த இராமையா, 1899இல் தாயுடன் தஞ்சைப் பகுதியிலிருந்து இந்நகருக்கு வந்தபோது ஏறத்தாழ ஒன்பது வயதுச் சிறுவன். மறு ஆண்டே நீலகண்ட சிவன் மறைந்தார். ஆகவே நெடிய குருகுலவாசத்திற்கு இடமே இல்லை; அவர் விட்டுச்சென்ற பாடல்களே ஆசிரியராயின. அடிப்படைப் பயிற்சியை நூரணி மகாதேவ பாகவதரும் சாம்ப பாகவதரும் அளித்தனர். கச்சேரி இசையின் நுட்பங்கள் பின்னாளில் கோனேரிராஜபுரம் வைத்தியநாதையரிடம் கிட்டின. ஆயினும், இறைவனிடம் எளிய தமிழில் நேரே முறையிடலாம் என்னும் துணிவுக்கு வித்து கரமனையினுடையது.

இராமையா சமஸ்கிருதக் கல்லூரியில் இலக்கணம் பயின்றவர். மேடைகளில் தெலுங்கும் வடமொழியும் மேலோங்கியிருந்த காலம் அது. வடமொழியில் பாடல் புனையும் ஆற்றல் இருந்தும், பெரும்பாலான கீர்த்தனைகளை அவர் தமிழிலேயே இயற்றினார். 'ராமதாசன்' என முத்திரையிட்டார். அவரே பாபநாசம் சிவன் (1890–1973). 1971இல் சங்கீத கலாநிதி விருது அவரைத் தேடி வந்தது.

கற்பித்தலைக் கால அளவால் மட்டுமே மதிப்பிடுவோர்க்கு இவ்வரலாறு ஒரு மறுப்பு. ராகத்தையும் தாளத்தையும் பலரிடம் பெறலாம். எதற்காகப் பாடுவது என்பதை உணர்த்துபவர் அரியர். அவர் மறைந்த பின்னும் அப்பாடம் நிற்பதில்லை.