ரங்கூன் மல்லி

ராத்திரி எட்டு மணிக்கு மேல் மந்தைவெளியின் உள்தெருக்களில் நடந்து போகிறவர்களுக்கு இந்த வாசனை பழக்கமாக இருக்கும். பக்கத்தில் பூக்காரம்மா யாரும் இருக்க மாட்டார். நிமிர்ந்து பார்த்தால் ஏதோ ஒரு பழைய வீட்டு கேட் மேல் வளைந்து படர்ந்து, வெள்ளை, ரோஸ், சிவப்பு என்று மூன்று நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ரங்கூன் மல்லி. தெலுங்குக்காரர்கள் ராதா மனோகரம் என்பார்கள்.

மூன்று கொடியைச் சேர்த்து நட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இல்லை, மூன்றும் ஒரே பூதான். பொழுது சாயும்போது வெள்ளையாக விரிகிறது. மறுநாள் ரோஸ். அதற்கடுத்த நாள் நல்ல சிவப்பு. சும்மா அழகுக்காக அல்ல, இதில் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. பூவின் குழல் இரண்டு மூன்று அங்குல நீளம், தேன் அடியில். முதல் ராத்திரி பூ பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். இருட்டிலும் தெரிகிற வெள்ளை, கூடவே வாசனை. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பெரிய அந்துப்பூச்சிகள் அந்தரத்தில் நின்றபடியே குடித்துவிட்டுப் போகும். விடிந்ததும் பூ தலையைத் தொங்கப்போட்டு நிறம் மாறுகிறது. இப்போது பகல் நேரத்துத் தேனீக்களும் தேன்சிட்டுகளும் வரும். ஒரே கடை, இரண்டு ஷிப்ட் :-)

பெயரில் மல்லி இருக்கிறதே தவிர, இதற்கும் மல்லிகைக்கும் சொந்தம் கிடையாது. கடுக்காய், தான்றிக்காய், நம் தெருவோர வாதுமை எல்லாம்தான் இதன் பங்காளிகள். பழைய தாவரவியல் பெயர் இன்னும் வேடிக்கை. க்விஸ்குவாலிஸ். லத்தீனில் 'யார்? எப்படிப்பட்டது?' என்று அர்த்தம். 17ஆம் நூற்றாண்டில் அம்பான் தீவில் இருந்த ரம்ஃபியஸ் வைத்தது. மலாய்க்காரர்கள் 'உதானி' என்றது டச்சு மொழியில் 'எப்படிப்பட்டது' என்பதற்கான சொல் மாதிரி ஒலித்ததாம், அதையே லத்தீனாக்கிவிட்டார். லின்னேயஸும் 1762ல் அந்தக் கேள்வியையே பெயராக வைத்துக்கொண்டார். இப்போது கோம்பிரீட்டம் இண்டிகம் என்று மாற்றிவிட்டார்கள். கேள்வி போய்விட்டது, கொஞ்சம் வருத்தம்தான்.

மந்தைவெளியில் ஒரு வீட்டில் இந்தக் கொடிக்கு வேறொரு கதை. அந்த வீட்டுப் பாட்டியின் மாமனார் ரங்கூனில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1942ல் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். "அங்கேருந்து கொண்டு வந்த கொடியா பாட்டி?" என்று கேட்டால் பாட்டிக்குச் சிரிப்பு வரும். "உயிரைக் கொண்டு வந்ததே பெரிசு. இது இங்கே நர்சரியில எட்டணா கொடுத்து வாங்கினது. பேரைக் கேட்டுட்டு வாங்கிட்டாராம்."

அந்த வீடு இப்போது இல்லை. ஜாயின்ட் வென்ச்சர். நான்கு மாடி, கீழே கார் பார்க்கிங். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு காந்தி நகர் எல்லா இடத்திலும் இதே கதை என்பதால் விவரிக்க வேண்டியதில்லை. இந்தக் கொடிக்கு வேண்டியது கொஞ்சம் மண், கொஞ்சம் வெயில், தொற்றிக்கொள்ள ஒரு சுவர். சுவர் இன்னும் இருக்கிறது. மண்தான் சிமெண்ட்டாகிவிட்டது. ஒப்பந்தத்தில் தேக்குக் கதவுகள் யாருக்கு, மோட்டார் யாருக்கு என்பது வரை எழுதியிருந்தார்கள். கொடிக்கு எந்தக் காலத்தில் எழுதுவது? அதற்கு விலையும் இல்லை, தேய்மானமும் இல்லை.

பாட்டி யாரிடமும் சண்டை போடவில்லை. காலி செய்ய மூன்று மாதம் இருந்தது. தாழ்ந்த கிளை ஒன்றின் பட்டையைக் கொஞ்சம் சுரண்டி, ஒரு தொட்டி மண்ணில் அழுத்தி, மேலே செங்கல் வைத்துவிட்டார். பதியன். நம் ஊரில் இது காய்த்து விதை விழுவது அபூர்வம், அதனால் இப்படித்தான் கன்று எடுக்க வேண்டும். "வேர் விடுற வரைக்கும் இடிக்காதீங்கப்பா" என்று மட்டும் மேஸ்திரியிடம் சொன்னாராம். அவரும் கேட் பக்கத்தைக் கடைசியில்தான் தொட்டார்.

தொட்டி இப்போது அடையாறு இந்திரா நகரில், வாடகை வீட்டின் இரண்டாம் மாடி பால்கனியில். இன்னும் பூக்கவில்லை. கம்பியில் கொடி எதுவும் ஏற்றக் கூடாது, பெயின்ட் போய்விடும் என்று வீட்டு ஓனர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

பாகற்கொடி மாதிரி இதற்குச் சுருள்கம்பி கிடையாது. இலை உதிரும்போது காம்பின் அடிப்பகுதி மட்டும் விழாமல் கெட்டிப்பட்டு முள்ளாகிவிடும். அந்த முள்ளைக் கொக்கி போல மாட்டித்தான் மேலே ஏறும்.

போன வாரம் இரண்டு இலை உதிர்ந்தது. பாட்டி தொட்டியைக் கம்பிப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறார். ஓனர் இன்னும் பார்க்கவில்லை.