கூற்றுக்கு உரியோர்

முதுகலைத் தமிழ் இரண்டாமாண்டில் என் பொறுப்பில் பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று உண்டு. ஏழு பெண்கள், மூன்று ஆண்கள். வாரம் ஒரு மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து சங்கப் பாட்டு ஒன்றை விவாதிக்க வேண்டும். பேசுவது மூன்று பேர். யார் என்று சொல்லத் தேவையில்லை. பாட்டைப் படிக்காமல் வந்த நாளிலும் அவர்களால் பத்து நிமிடம் பேச முடிகிறது.

பெண்கள் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்; தேர்வுத்தாளில் அது தெரியும். வீட்டிலும் விடுதியிலும் ‘அடக்கமான பிள்ளை’ என்று பெயர் வாங்கித் தந்த அதே மௌனத்துக்கு, இங்கே அகமதிப்பீட்டில் ‘பங்கேற்பு’ என்ற கட்டத்தில் மதிப்பெண் குறைகிறது.

நாங்கள் படிக்கும் அகப்பாடல்களின் இலக்கணமோ வேறு மாதிரி. ஊருக்கும் தந்தைக்கும் தமையனுக்கும் அங்கே நேரடியாகப் பேச இடமில்லை என்கிறது தொல்காப்பியச் செய்யுளியல். அவர்கள் சொன்னதைப் பிறர் எடுத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். தலைவி பேசலாம், தோழி பேசலாம், செவிலி பேசலாம். (பாடிய புலவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பது தனிக் கதை.)

இந்தப் பருவத்தில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். பாட்டைப் படித்ததும் எல்லோரும் ஐந்து நிமிடம் எழுத வேண்டும். பிறகு உட்கார்ந்திருக்கும் வரிசையில் வாசிக்க வேண்டும். பத்துப் பேரும் வாசித்து முடிக்கும்வரை விவாதம் கிடையாது.

குறுந்தொகை 28, ஔவையார் பாட்டு. தன் நோய் அறியாமல் தூங்கும் ஊரை முட்டுவதா, தாக்குவதா, ஏதாவது சாக்கில் கூவுவதா என்று தலைவி தவிக்கிறாள். காமம் மிகுந்த நிலை என்று ஒரு மாணவன் வாசித்தான், உரைகள் சொல்வதுதான். அவனுக்கு அடுத்து இருந்தவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். முதலாமாண்டில் அவள் பேச்சில் வந்த ‘லா’வுக்கு வகுப்பு சிரித்ததிலிருந்து வாய் திறக்காதவள். எழுதியிருந்ததை அப்படியே வாசித்தாள்: “கத்தலாம். ஊரு முழிச்சா மொதல்ல எங்கண்ணன்லா வந்து நிப்பான்.”

யாரும் சிரிக்கவில்லை. அன்று மீதி நேரமெல்லாம் அந்த அண்ணனைப் பற்றித்தான் பேச்சு. எனக்குத் தெரிந்த எந்த உரையிலும் அவன் இல்லை.

இரண்டு பெண்கள் இன்னும் வாசிப்பதில்லை. தாளை மடித்து என்னிடம் மட்டும் தருகிறார்கள். அதற்கும் பங்கேற்பு மதிப்பெண் போடுகிறேன். எந்த விதிப்படி என்று துறையில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.