வீட்டுக்கு ஓர் ஏணி

மேடைப் பிரசங்கிகளுக்கு ஏணி என்றால் கொள்ளை ஆசை. ஆசிரியர் ஓர் ஏணி, தகப்பனார் ஓர் ஏணி, கட்சித் தொண்டர் ஓர் ஏணி. ஏறிப் போனவர்கள் எல்லோரும் ஏணியை உதைத்துத் தள்ளியவர்கள். முப்பது வருஷமாக இந்த உவமையைக் கேட்டு வருகிறேன். பேசுகிறவர்களில் ஒருவராவது நிஜ ஏணி ஒன்றை விலை கொடுத்து வாங்கியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். வாங்கியிருந்தால், உதைப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அதை மடக்குவது எப்படி என்றல்லவா யோசித்திருப்பார்?

நம் வீடுகளில் ஒரு மிக்ஸி வாங்குவதென்றால் குடும்பமே கூடி உட்கார்ந்து ஆலோசனை நடக்கிறது. ஏணி விஷயத்தில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. ஏணி இல்லாமலே காலம் தள்ளிவிடலாம் என்று நமக்கெல்லாம் ஓர் எண்ணம். பரணில் இருப்பதை எடுக்க வேண்டுமா, நாற்காலி இருக்கிறது. எட்டவில்லையா, நாற்காலியின் மேல் ஸ்டூல். அப்போதும் எட்டவில்லையென்றால் ஸ்டூலின் மேல் ஒரு கனத்த அகராதி. எழுத்தாளன் வீட்டில் அகராதிக்குப் பஞ்சமா?

கிராமத்து வீடுகளில் இந்தச் சங்கடம் கிடையாது. பரணுக்குப் பக்கத்தில் மர ஏணி ஒன்று எப்போதும் சாய்ந்தே இருக்கும். தச்சர் வீட்டுக்கு வந்து, ஏறுகிற ஆளையும் ஏற வேண்டிய இடத்தையும் கண்ணால் அளந்து செய்து போட்டது. தாத்தா ஏறியதில் பேரனும் ஏறுவான். நகரத்து வீட்டில் சாய்த்து வைக்கச் சுவர் இல்லை. இருக்கிற சுவரில் டெலிவிஷன் மாட்டியிருக்கிறது. ஆகவே மடக்கு ஏணி. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் பால்ஸ்லி என்ற தச்சர் 1862-லேயே மடக்கும் படி ஏணிக்குப் பேடண்ட் வாங்கிவிட்டார். எங்கள் தெருவுக்கு அது வந்து சேர நூற்றறுபது வருஷம் பிடித்தது.

வந்து சேர்ந்த காரணம் சந்தோஷமானதல்ல. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அம்மாள். அறுபது வயதுக்கு மேல். ஒரு நாள் காலை பதினோரு மணிக்குப் படுக்கையறை விளக்கு மினுக்கு மினுக்கென்று கண்ணைச் சிமிட்டியது. கட்டிலின் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினார். மெத்தையில் ஸ்டூலின் ஒரு கால் மட்டும் அமுங்கியது. இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, மூன்று மாதம் கழித்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரையில் வந்தார். பார்க்கப் போனபோது, "கையிலே இருந்த பல்பு மட்டும் உடையலை, பார்த்துக்குங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டில் ஆறடி உயரத்தில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினோரு மணிக்கு இரண்டு பேரும் ஆபீஸில் இருந்தார்கள்.

ஏணி வாங்கக் கடைக்குப் போகிறவர் ஒருவர்; அதில் ஏறப் போகிறவர் வேறொருவர். வாங்குகிறவர் தம்முடைய கனத்தையும் தம்முடைய தோள்பலத்தையும் நினைத்துக்கொண்டு வாங்குகிறார். பிறகு அந்த ஏணி கனமாக இருக்கிறது என்று ஏறுகிறவர் மறுபடியும் ஸ்டூலைத் தேடுகிறார். வீட்டில் ஏணி இருந்தும் விழுந்தவர்களை விசாரித்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதுதான் கதையாக இருக்கும்.

எங்கள் வீட்டில் ஏறப் போகிறவள் என் மனைவி. நான் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறவன்தான். ஆனால் எழுதுகிற நேரத்தில் நான் வீட்டில் இல்லாதவன் என்று கணக்கு. இருபது வருஷமாக இரு தரப்பும் சம்மதித்த ஏற்பாடு. எனவே கடைக்குப் போவதற்கு முன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக வீட்டை அளந்தோம்.

பரண் தரையிலிருந்து 7 அடி. என் மனைவியின் உயரம் 5 அடி. கையைத் தூக்கினால் ஆறேகால் அடி வரை எட்டும். எட்டினால் போதாது. பரணின் தளம் நெஞ்சளவுக்கு வந்தால்தான் கொலுப் பொம்மைப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்து இறக்க முடியும். ஆகவே 3 அடி உயரத்தில் நிற்க வேண்டும். மின்விசிறியின் இறக்கைகள் 9 அடியில் சுழல்கின்றன. அவற்றைத் துடைப்பதற்கு மூன்றரை அடி உயரத்தில் நின்றால் தாராளம். மூன்றாவது இடம் மொட்டை மாடி: மாடிப்படி அறையின் கூரைமேல் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கூரை விளிம்பு 8 அடி. சாய்ப்பு ஏணி விளிம்போடு நின்றுவிடக் கூடாது. அதற்குமேல் 3 அடி நீண்டிருந்தால்தான் அதைப் பிடித்துக்கொண்டு கூரையில் காலை வைக்கலாம். ஆக, 11 அடி.

முதல் இரண்டுக்கும் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தைப் போலத் தானே நிற்கிற ஏணி வேண்டும். மூன்றாவதற்கு நீட்டமான ஏணி வேண்டும். இரண்டு ஏணிக்கு வீட்டில் இடம் இல்லை. பலவேலை மடக்கு ஏணி என்று கடைகளில் விற்பது இந்த இடத்தில்தான் உபயோகப்படுகிறது. நாலு துண்டுகள், துண்டுக்கு மூன்று படி. துண்டுகளை இணைக்க இரு பக்கமும் மூன்று மூன்றாக ஆறு கீல்கள். நடுக் கீலை மட்டும் பாதி மடக்கினால் 'ஏ' எழுத்து. எல்லாவற்றையும் நேராக்கினால் பதினொன்றரை அடி ஏணி. முழுக்க மடக்கினால் மூன்றடி மூட்டை. விளம்பரத்தில் பத்துப் பன்னிரண்டு கோலத்தில் படம் போட்டிருக்கிறார்கள். குடும்பஸ்தனுக்கு இரண்டு கோலம் போதும். வெள்ளையடிப்பதையும் தானே செய்கிறவர்களுக்கு, மேஜை மாதிரி நிறுத்திப் பலகை போட்டுக்கொள்கிற மூன்றாவது கோலமும் உண்டு. பலகைக்குத் தனி விலையா என்று முன்னாலேயே கேட்டுவிட வேண்டும்.

பெரிய குழாய்க்குள் சின்னக் குழாய் போகிற மாதிரி ஒரு வகையும் விற்கிறது. பார்க்க வெகு நாஸூக்கு. ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனித் தாழ்ப்பாள். மொட்டை மாடி மணலும் தூசியும் உள்ளே போனால் அது சரியாக விழாது. மடக்கும்போது குழாய் சரேலென்று இறங்கி விரலைப் பதம் பார்க்கும். எனக்கு எழுதுவதற்கு விரல் வேண்டும்.

உறுதி விஷயம். இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கனம்தான், ஆகவே அலுமினியம். ஆனால் கனம் குறைந்தது என்று தகடு மெலிந்துவிடக் கூடாது. ஏணியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பார்ப்பது நல்லது. ஐரோப்பிய நியதியான ஈ.என். 131 என்று போட்டிருந்தால் 150 கிலோ தாங்க வேண்டும். அமெரிக்கக் கணக்கில் வீட்டு உபயோகத்துக்கு 200 பவுண்டு, அதாவது 90 கிலோ. அதற்குமேல் 225, 250, 300, 375 என்று போகும். இந்த எடை ஏறுகிறவரின் எடை மட்டும் அல்ல. கையில் இருக்கும் பொம்மைப் பெட்டி, இடுப்பில் செருகிய சுத்தியல் எல்லாம் சேர்த்துத்தான். அறுபத்தைந்து கிலோ ஆசாமி பதினைந்து கிலோ டிரங்குப் பெட்டியோடு இறங்கும்போது எண்பது ஆகிவிடுகிறது. தொண்ணூறு கிலோ ஏணியில் அப்புறம் மிச்சம் என்ன?

பாரிமுனைப் பக்கம் ஒரு கடை. கடைப் பையன் பதினாறு படி ஏணியை விரித்து நிறுத்தினான். "நாலு பேர் ஏறலாம் சார்!" என்றான்.

"நாலு பேர் எதுக்கப்பா ஏறணும்?" என்று கேட்டாள் என் மனைவி.

பையனிடம் அதற்குப் பதில் இல்லை. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த ஏணியை மடக்கித் தூக்கிப் பார்த்தாள். இரண்டடி நடப்பதற்குள் கீழே வைத்துவிட்டாள். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"நீங்க எதுக்கும்மா சிரமப்படறீங்க? சார் தூக்கிப் பார்க்கட்டும்."

"சார் கூட இருக்கிறப்போ எனக்கு ஏணியே வேண்டாங்க. அவரே எடுத்துக் கொடுத்துடுவார். அவர் இல்லாத நேரத்துக்குத்தான் ஏணி."

கடையில் இருந்த மற்ற வாடிக்கைக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் மாட்டியிருந்த பூட்டுக்களைப் பார்த்தேன்.

பிறகு பன்னிரண்டு படி ஏணி வந்தது. சுமார் பன்னிரண்டு கிலோ. ஒரு தவலைத் தண்ணீரின் கனம். அதைத் தூக்கிக்கொண்டு கடையின் கோடிவரை போய் வந்தாள். அடுத்தது கீல் பரீட்சை. ஒவ்வொரு கீலும் நேராகிப் பூட்டிக்கொள்ளும்போது 'டக்' என்று சப்தம் கேட்க வேண்டும். ஆறு கீலுக்கு ஆறு 'டக்'. ஐந்துதான் கேட்டதென்றால் காலை எடுத்து வைக்கக் கூடாது. அந்தக் கடையில் ஒரு கீல் முரண்டு பிடித்தது. "எண்ணெய் விட்டா சரியாயிடும்" என்றார்கள். எண்ணெய் விட்ட பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனோம். அங்கே ஆறும் கேட்டது. கீலில் ஒரு சின்ன அடையாளம்கூட இருந்தது, பூட்டியிருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும்படி. காலடியில் அகலமாக ஒரு குறுக்குச் சட்டம். ஏணி பக்கவாட்டில் ஆடாமல் இருக்க. 3 மீட்டருக்கு மேற்பட்ட சாய்ப்பு ஏணிக்கு இப்படி அடி அகலம் வேண்டும் என்று 2018 முதல் ஐரோப்பாவில் விதியே செய்திருக்கிறார்கள். நாலு முனைக்கும் ரப்பர். ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். வழுவழுவென்ற பிளாஸ்டிக்காக இருந்தால் துடைத்த டைல்ஸ் தரையில் சறுக்கும்.

அதில் ஏறிப் பார்த்தபோதுதான் யாரும் எழுதி வைக்காத ஒரு சங்கதி வெளிப்பட்டது. "கால் வலிக்குது" என்றாள். இந்த ஏணிகளின் படி குறுகலானது. பூட்ஸ் போட்டவர்கள் தேசத்துச் சரக்கு. நாமோ வெறுங்காலோடு ஏறுகிறவர்கள். ஐந்து நிமிஷம் நின்றால் உள்ளங்காலில் படியின் விளிம்பு உறைக்கிறது. வலித்தால் மனிதன் காலை மாற்றிக்கொள்வான். காலை மாற்றும்போது ஏணி ஆடும். மேற்புறம் தட்டையாகவும் வரிவரியாகவும் இருக்கிற படியாகப் பார்த்துப் பொறுக்கினோம். ரப்பர்ச் செருப்பு உதவாது. அது படியில் நிற்கும், கால் அதிலிருந்து நழுவும். குதிகாலை மூடுகிற கான்வாஸ் ஷூதான் சரி என்று தீர்மானமாயிற்று.

ஏணி வீட்டுக்கு வந்தது. நவராத்திரிக்கு ஒரு வாரம். என் தாயார் ஏணியைச் சுற்றி வந்து பார்த்துத் திருப்திப்பட்டாள். ஷூவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, செருப்புக் காலோடவா சுவாமி பொம்மையை எடுக்கப் போறே?"

இது விளையாட்டான ஆட்சேபம் அல்ல. மரப்பாச்சியும் தசாவதாரமும் என் பாட்டி காலத்துப் பொம்மைகள். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நான் மத்தியஸ்தம் செய்யப் போகவில்லை. அவ்வளவு அனுபவம் எனக்கு உண்டு. அவர்களே முடித்துக்கொண்டார்கள். ஏணிக்கென்றே புதிதாக ஒரு ஜோடி ஷூ. தெரு மண் அதன்மேல் படக் கூடாது. ஏணியோடு ஒரே பையில் இருக்க வேண்டும். "அப்படின்னா அது செருப்பு இல்லே, ஏணியிலே சேர்ந்தது" என்று என் தாயார் தீர்ப்புச் சொன்னாள். எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

மொட்டை மாடிக்கு வேறு சட்டங்கள். கல்லூரியில் இரண்டே வருஷம் படித்த பௌதிகத்தில் எனக்கு மறக்காமல் நிற்கிற கணக்கு, சுவரில் சாய்ந்த ஏணிக் கணக்கு. அதன் சாரம், ஏணி முறிந்து விழுவதைவிட அடி சறுக்கி விழுவதே அதிகம் என்பது. நாலு அடி உயரத்துக்கு ஓர் அடி தள்ளி அடியை ஊன்ற வேண்டும். எங்கள் 8 அடிக் கூரைக்கு 2 அடி. அதைவிடத் தள்ளினால் அடி வழுக்கும். நெருக்கினால் மனிதன் மல்லாந்து விழுவான். எங்கள் மாடியில் அந்த இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். மழைக்காலத்துப் பாசியில் ஏணி வைப்பதே இல்லை. மேல் நுனியைக் கயிற்றால் கட்டுவதற்குக் கூரையில் ஒரு வளையமும் அடித்தாயிற்று. எட்டாத இடத்துக்கு எக்கக் கூடாது. தொப்புள் இரண்டு கம்பங்களுக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். 'ஏ' போல நிறுத்தினால் மேல் இரண்டு படிகளில் நிற்பதில்லை. மூன்றாம் படி பரணுக்கு, நாலாம் படி மின்விசிறிக்கு, மற்றவை கைப்பிடிக்குத்தான்.

அலுமினியத்தில் மின்சாரம் தாராளமாகப் பாயும் என்பதையும் சொல்ல வேண்டும். விளக்கு மாற்றுவதற்கு முன் மெயினை அணைத்துவிடுகிறோம். மாடிக்கு அருகில் மின்கம்பி போகிற வீட்டுக்காரர்கள் இந்த ஏணியை அங்கே நிமிர்த்தவே கூடாது.

இப்போது ஏணி, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் மூன்றடி மூட்டையாக நிற்கிறது. நாலு வீடு தள்ளி இருக்கும் அம்மாளின் மூத்த பிள்ளை போன வாரம் வந்து இரவல் கேட்டார். என் மனைவி ஆறு 'டக்' கணக்கை அவருக்குச் சொல்லிக் கொடுத்து, நாலாம் படிக்குமேல் போகக் கூடாது என்று எச்சரித்து அனுப்பினாள். பையைத் திறந்து பார்த்துவிட்டு அவர் திரும்பி வந்தார்.

"ஷூ அளவு போதலீங்களே?"

"உங்களுக்கு இல்லே, உங்க சம்சாரத்துக்கு" என்றாள் என் மனைவி.