இரண்டு அட்டைகள்

ஆரணியில் எங்கள் வீட்டில் அட்டை என்ற சொல்லுக்கு நெடுங்காலம் ஒரே பொருள்தான் இருந்தது. ஜக்கார்டு பெட்டியில் ஏற்றும் துளை அட்டை. அப்பா தறியில் உட்கார்ந்தவர் அல்லர். தறிக்காரர்களுக்கு அட்டை குத்திக் கொடுத்தவர். கட்டம் போட்ட தாளில் வண்ணம் தீட்டிய மாங்காயோ அன்னமோ வரும். அதை வரி வரியாகப் படித்து, ஒரு வரிக்கு ஓர் அட்டை என்று துளையிட்டு, வரிசை எண் எழுதி, நூலால் கோத்து, நீண்ட சங்கிலியாக மடித்துக் கொடுப்பார். குத்தும்போது உதிரும் சிறு வட்டங்களைப் பொறுக்கிச் சேர்த்து நானும் அண்ணனும் காசு என்று வைத்துக்கொண்டு கடை விளையாடுவோம்.

ஆகவே 2024 தை மாதக் கடைசியில் அண்ணன் மகன் தொலைபேசியில் கூப்பிட்டு, "சித்தப்பா, நல்ல அட்டை ஒண்ணு வாங்கணும், ரிச்சி தெருவுக்குக் கூட வர்றீங்களா?" என்று கேட்டபோது ஒரு கணம் எனக்குக் குழப்பமாகவே இருந்தது. அவன் கேட்டது கிராபிக்ஸ் கார்டு. அவனும் தாத்தாவின் தொழிலைத்தான் செய்கிறான், கணினியில். திரையில் கட்டங்களை நிரப்பிக் கோப்பாக்கித் தருகிறான். அட்டை வேண்டுபவர்களுக்கு அதிலிருந்து அட்டை. மின்னணு ஜக்கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பென்டிரைவ்.

நான் பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன். அதனால் முதலில் அவனிடம் உண்மையைச் சொன்னேன்: இந்த வேலைக்கு கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். கணக்கு எளிது. 400 கொக்கி கொண்ட பெட்டி, 2,000 அட்டை நீளும் ஒரு முந்தி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 8,00,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் துளை உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். கணினியின் கணக்கில் அது 1,00,000 பைட்டு. கைப்பேசியில் அனுப்பும் ஒரு புகைப்படத்துக்கு இதைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அவன் கேட்ட அட்டையில் 12 ஜிபி நினைவகம். ஆரணி முந்திகள் 1,20,000 அதில் அடங்கும். இதைப் பின்னொரு நாள் அப்பாவிடம் சொன்னபோது, "அவ்ளோ பூ எங்கடா இருக்கு?" என்றார்.

ஆனால் அவனுக்கு வேண்டியது வேறு. வரைந்த சேலையை ஒரு பெண் உருவத்துக்கு உடுத்தி, மடிப்பும் கொசுவமும் தெரிய, வெயிலிலும் கல்யாண மண்டப விளக்கிலும் எப்படியிருக்கும் என்று தறியேற்றும் முன்பே ஜவுளிக்காரருக்குக் காட்ட வேண்டும். இதுவரை அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மாதிரி நெசவு. புது வடிவம் வந்தால் இரண்டு மூன்று நிறங்களில் ஒரு முழமோ அரைச் சேலையோ நெய்து காட்டுவது வழக்கம். எங்கள் வீட்டில் அந்த மாதிரிகளை நெய்பவர் அண்ணி, அதாவது இவனுடைய அம்மா. கூலி தனி. அந்தக் கூலியைத்தான் அண்ணி சீட்டுக் கட்டிவருகிறார். அந்தச் சீட்டை எடுத்துத்தான் அட்டை வாங்கப் பணம் கொடுத்தார்.

"மாதிரி நெய்யறது நின்னு போயிடுமாமே?" என்று என்னிடம் ஒருமுறைதான் கேட்டார். குறையும் என்றேன். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பணத்தை எண்ணி ஒரு மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தார்.

இப்படி வந்த பணத்தில் ஒரு பொருளை வாங்கும்போது, இணையத்தில் கிடைக்கும் ஆய்வுகளை வேறு கண்ணால்தான் படிக்க முடிகிறது. அவை யாவும் விளையாட்டுகளை வைத்து அளப்பவை. நொடிக்கு எத்தனை சட்டகம், எந்த விளையாட்டில் எவ்வளவு என்று பட்டைப் படங்கள் போட்டிருப்பார்கள். எங்கள் முன்னால் இருந்தவை இரண்டு. 2021 பிப்ரவரியில் 329 டாலர் என்று அறிவித்து வெளியான ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060. 2023 ஜூனில் 299 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4060. (முதலாவது வெளியானபோது சில்லுப் பஞ்சமும் நாணயச் சுரங்கக்காரர்களின் கொள்முதலும் சேர்ந்துகொண்டதால் அறிவித்த விலைக்குப் பலர் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அந்தக் கூத்து 2022-இல் அடங்கியது.) ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 விலையில் இரண்டையும்விடக் குறைவு. ஆனால் பையன் பயன்படுத்துவது பிளெண்டர். அதில் என்விடியா அட்டைகளுக்கே வேகம் கூடுதல் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

பட்டைப் படங்களை நம்பினால் 4060-ஐத்தான் எடுக்க வேண்டும். விளையாட்டுகளில் முன்னதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடுதல். முழு வேலையில் 3060-இன் மின்தேவை 170 வாட். இதற்கு 115 வாட் போதும். நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினாலும் மாதம் 10 யூனிட் மிச்சம். யூபிஎஸ்ஸுக்கும் சுமை குறைவு. இதையெல்லாம் நான் அவனுக்கு எடுத்துச் சொன்னேன்.

இருந்தும் எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. நடுத்தர விலைப் பொருள் என்பது உயர்ந்த பொருளின் மட்டமான நகல் அன்று. எதை விட்டுவிடலாம் என்று யாரோ எடுத்த முடிவு அது. ஆரணிக்காரனுக்கு இது புதிதல்ல. எங்கள் சேலையைக் காஞ்சிபுரத்துக்கு அடுத்தபடியில் வைத்துத்தான் கடைகளில் பேசுவார்கள். எடை குறைவு, விலை குறைவு. ஆனால் இங்கே குறைத்தது எடையையும் ஜரிகையையும்தான். பட்டைக் குறைத்தால் சேலையே இல்லை என்பது நெய்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். ஆக, இந்த இரண்டு அட்டைகளிலும் எதைக் குறைத்தார்கள் என்று பார்த்தேன்.

4060-இல் குறைத்தது நினைவகத்தை. 8 ஜிபிதான், அதற்குப் போகும் பாதையும் 128 பிட்டு அகலம். முந்தைய தலைமுறையில் 12 ஜிபியும் 192 பிட்டும் இருந்தன. நொடிக்கு 360 ஜிபி பாய்ந்த இடத்தில் 272. உள்ளே இடைநினைவகத்தைப் பெருக்கி இந்தக் குறையை விளையாட்டுகளில் தெரியாமல் சமாளித்திருக்கிறார்கள். கெட்டிக்கார வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் சேலைப் படம் விளையாட்டு அல்ல. இழை தெரிய வேண்டுமானால் 8192க்கு 8192 புள்ளி கொண்ட படம் வேண்டும். ஒன்றுக்கு 256 எம்பி. நிறத்துக்கு ஒன்று, மேடுபள்ளத்துக்கு ஒன்று, மினுக்கத்துக்கு ஒன்று என்றால் ஒரு சேலைக்கு 768 எம்பி. உடல், முந்தி, கரை தனித்தனியாக வந்தால் மேலும். வேகம் குறைந்தால் காத்திருக்கலாம். இடம் போதாவிட்டால் படமே வராது, அல்லது ஆமை வேகத்தில் வரும்.

3060-இல் வேறொரு குறை உண்டு, அது எனக்குப் பிடித்த குறை. அதன் சில்லில் முழுமையாக 3,840 கணக்குக் கருக்கள். விற்பனைக்கு வரும் அட்டையில் 3,584 மட்டுமே உயிரோடு இருக்கும், மீதியை மூடிவிட்டார்கள். சில்லு வார்க்கும்போது ஏதாவதொரு மூலையில் பழுது விழும். பழுதுபட்ட பகுதியை மூடி, மிச்சத்தைக் குறைந்த பெயரில் விற்பது அந்தத் தொழிலின் வழக்கம். பழுதில்லாதவற்றிலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டுமென்று மூடிவிடுவது உண்டு. இழை அறுந்த சேலையைத் தூக்கி எறிகிறவர் ஊரில் யாரும் இல்லை என்பதால் அப்பாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரிச்சி தெருவில் பார்த்தபோது 3060-க்கு ரூ. 26,000 சொன்னார்கள், 4060 அதைவிட இரண்டாயிரம் மேலே. பையனுக்குக் கண் 4060-இன் மேல்தான். மூன்று விசிறி, ஓரத்தில் ஓடும் வண்ண விளக்கு. நான் பெட்டியைப் பிரிக்கச் சொல்லித் திருப்பிப் பார்த்தேன். (சேலை வாங்கத் தெரிந்தவர்கள் முதலில் பின்புறத்தைத்தான் பார்ப்பார்கள். கடைக்காரர் சிரித்தார்.) உள்ளிருக்கும் சுற்றுப்பலகை அட்டையின் பாதி நீளத்தோடு முடிந்துவிட, மீதிப் பாதியில் அலுமினியத் தகடுகளும் விசிறியும் மட்டும் வெளியே நீண்டிருந்தன. 115 வாட் சூட்டுக்கு மூன்று விசிறி எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை. பெரிய அட்டை என்று தோன்ற வேண்டும், அதற்குத்தான். இரண்டு விசிறியோடு, விளக்கில்லாமல், பார்க்க ஏழையாக இருந்த 3060-ஐ எடுத்தோம். பையன் ஊர் போய்ச் சேரும்வரை சரியாகப் பேசவில்லை.

வீட்டில் அப்பா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"எத்தினி அட்டைடா?"

"ஒண்ணுதான் தாத்தா."

"ஒரே அட்டையில இன்னா பூ வரும்?"

அவரிடம் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருந்தது. துளை அட்டையைக் கணினியின் பாட்டன் என்று எழுதுவது இப்போது தேய்ந்த வழக்கம்: 1804-இல் லியோன் நகரத்து ஜக்கார்டு, அவரிடமிருந்து பாபேஜ், 24,000 அட்டைகளால் பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் என்று எல்லாரும் சொல்லியாயிற்று. நான் சொல்லவந்தது அதுவல்ல. இந்த கிராபிக்ஸ் கார்டுக்குள்ளேயே ஒரு பாவு இருக்கிறது. உவமையாகச் சொல்லவில்லை, பெயரே அதுதான். என்விடியா தன் அட்டைகளுக்கு நிரல் எழுதுவதற்கென்று வெளியிட்ட கூடா கையேட்டில், சேர்ந்து இயங்கும் 32 இழைகளின் தொகுதிக்கு 'வார்ப்' என்று பெயர். ஆங்கிலத்தில் பாவுக்கு உரிய சொல். நெசவிலிருந்தே எடுத்தோம் என்று அந்தக் கையேடே சொல்கிறது.

வேலை செய்யும் விதமும் அப்படித்தான். ஒரு பாவு முழுவதற்கும் ஒரே ஆணை. 'இப்படியிருந்தால் இதைச் செய்' என்று ஒரு நிபந்தனை வந்தால், அதற்கு உட்பட்ட இழைகள் மட்டும் இயங்கும். மற்றவை அந்த அடிக்குச் சும்மா கிடக்கும். எவை எழும், எவை கிடக்கும் என்பதை 32 உண்டு-இல்லைகள் தீர்மானிக்கும். பதினைந்து ஆண்டுகளாக இதற்கு நிரல் எழுதிவந்தும், இது அப்பா குத்திய அட்டையின் ஒரு வரி என்பது எனக்கு உறைக்காமலே இருந்திருக்கிறது. அப்பாவிடம் விளக்கினேன். "தொளை இருந்தா ஊசி உள்ள போவும், கொக்கி எழும்பும். இல்லன்னா கெடக்கும். இதுக்கா இருபத்தாறாயிரம்?" என்றார்.

முதல் சோதனைக்கு அவரே நிறம் சொன்னார்: மயில்கழுத்து. பாவு பச்சை, ஊடை நீலம். நேரே பார்த்தால் ஒன்று, சாய்த்துப் பார்த்தால் வேறொன்று. பையன் இரண்டு நிறத்தையும் கலந்து ஒரு நீலப்பச்சையாகப் பூசி உடுத்திக் காட்டினான். அப்பா திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சாயம் போட்ட பருத்தி" என்றார். சரியான தீர்ப்பு. பட்டின் நிறம் கலவையில் இல்லை. இரு திசை இழைகளும் தனித்தனியே ஒளியைத் திருப்புவதில் இருக்கிறது. பாவுக்கு ஒரு மினுக்கம், ஊடைக்கு அதற்குக் குறுக்கே ஒரு மினுக்கம் என்று பிரித்து, இழை அளவில் படம் செய்து, மறுபடி ஓட்ட ஒரு வாரம் பிடித்தது. மூன்று உருவங்களை ஒன்றாக நிறுத்தியபோது நினைவகம் 9 ஜிபியைத் தாண்டியது. அந்த எண்ணை மட்டும் பையனுக்குச் சுட்டிக்காட்டினேன். அதற்குப் பிறகுதான் சமாதானமானான்.

இம்முறை அப்பா எதுவும் குறை சொல்லவில்லை. "பின்பக்கம் காட்டு" என்றார்.

பின்பக்கம் இல்லை. அவன் செய்திருக்கவே இல்லை. முன்புறத்தில் பூ முடிந்த பிறகு ஜரிகை பின்னால் எவ்வளவு தூரம் மிதந்துபோய் அடுத்த பூவில் ஏறுகிறது என்பது படத்தில் எங்கும் தெரியவில்லை. தூரம் அதிகமானால் மெட்டியில் மாட்டும், ஒரே உடுத்தலில் அறுந்துபோகும். மிதப்பைச் சோதிக்க அவனுடைய வடிவ மென்பொருளிலேயே ஒரு வசதி உண்டாம். படத்தின் பளபளப்பில் அதை முடுக்க மறந்திருக்கிறான். ஓட்டிப் பார்த்தபோது பதினோரு இடங்கள் சிவப்பாகின.

அந்த ஆண்டு ஆடியில், தீபாவளிக் கொள்முதலுக்கு வந்த ஜவுளிக்காரருக்கு ஒரே வடிவத்தை ஏழு நிறங்களில் காட்டினான். முன்னும் பின்னும். அவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, இரண்டு நிறம் போதும் என்றார். பிறகு சற்று யோசித்து, கையில் தொட்டுப் பார்க்க ஒன்று மட்டும் நெய்து அனுப்பச் சொன்னார். முன்பாயிருந்தால் மூன்று கேட்டிருப்பார்.

அந்த ஒன்றை அண்ணி நெய்தார். நான் ஊரில் இருந்த நாட்களில்தான் பாவு பிணைத்தார்கள். உள்ளறையில் பையனின் கணினி ஓடிக்கொண்டிருந்தது; தறிச் சத்தத்தில் விசிறிச் சத்தம் கேட்கவில்லை. சாப்பிட எழுந்து வந்தபோது, "படத்துல இருக்கறதவிட பச்ச கொஞ்சம் தூக்கலா வருது, அவன வந்து பாக்கச் சொல்லு" என்றார். சீட்டுக்கு இன்னும் நான்கு மாதம் பாக்கி இருந்தது. அதை எந்தக் கூலியிலிருந்து கட்டினார் என்று நான் கேட்கவில்லை.