எங்கள் வீட்டுத் தொட்டில்

உலகில் மனிதர் பெறும் செல்வங்கள் பலவாயினும், மக்கட்செல்வத்திற்கு ஈடாகச் சொல்லத்தக்கது வேறொன்றில்லை. வள்ளுவப் பெருந்தகை ‘மக்கட்பேறு’ என ஓர் அதிகாரமே வகுத்துப் பத்துக் குறட்பாக்களை அருளியுள்ளார். இப்பள்ளியில் பயின்ற காலத்தில் அவற்றை மனனம் செய்து ஒப்பித்தோம். அன்று அவை எங்கள் நாவில் இருந்தனவேயன்றி நெஞ்சில் இறங்கவில்லை. இன்று எங்கள் இல்லத்தில் ஐந்து திங்கள் நிறைந்த பெண்மகவு, பாயில் குப்புறக் கவிழ்ந்து தலைநிமிர்த்தி எங்களைப் பார்த்துச் சிரிக்கும்போதுதான் அவற்றின் பொருள் விளங்குகின்றது.

இம்மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு தலைமையாசிரியர் அவர்கள் கேட்டபோது, எதை எழுதுவதென்று நாங்கள் இருவரும் எண்ணிப் பார்த்தோம். கற்றறிந்த சான்றோர் எழுதும் பக்கங்களில் எங்களைப் போன்றோர் கூறத்தக்கது எங்கள் வீட்டுச் செய்தி ஒன்றுதான். எங்களுள் ஒருவர் இத்தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர். மற்றவர் பக்கத்துச் சிற்றூரில் மளிகைக் கடையொன்றில் கணக்கு எழுதுபவர். உழைத்து உண்ணும் ஓர் இளங்குடும்பத்தில் குழந்தை பிறந்தால் நாள்கள் எவ்வாறு கழிகின்றன என்பதையே இங்கு எழுதுகின்றோம்.

முதலில் பழைய காலத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். எங்கள் அன்னையார் இதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறுமுன், விடியற்குளிரில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். ஆதலால் இருள் பிரியுமுன்னரே பெரட்டுக்குச் சென்றாக வேண்டும். உறங்கும் குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு தாய்மார்கள் ஆயாக்கொட்டகைக்கு நடப்பார்கள். கொட்டகையின் உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். எங்களுள் ஒருவர் கிடந்து வளர்ந்ததும் அத்தொட்டில்களுள் ஒன்றில்தான். மரத்துப் பாலைச் சுமந்து சென்று நிறுத்துக் கொடுத்த பின்னரே, தம் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓடி வருவார்களாம்.

அக்கொட்டகையை அன்னையார் பொற்காலம் என்று புகழ்வதில்லை. ஒரு பிள்ளைக்குக் கண்ட காய்ச்சல் மறு பிள்ளைக்குத் தாவும்; ஒருவர் அழுதால் அனைவரும் அழுவர். ஆயினும், ‘பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது?’ என்னும் வினாவிற்கு அன்று ஒரு விடை இருந்தது. ஆயா இருந்தார். அவரும் ஓய்ந்தால் லயத்தில் பத்து வீட்டுக் கைகள் இருந்தன.

இன்று காலம் மாறிவிட்டது. ரப்பர் மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. நம்மவருள் பலர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். எங்கள் லயத்தில் விளக்கெரியும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டுமே எஞ்சியிருக்கின்றது. பத்து வீட்டுக் கைகள் சுமந்த சுமையை இன்று இரண்டு பேர் சுமக்க வேண்டியுள்ளது. அவ்விரண்டு பேருள் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், மற்றவர் தாங்குவது எங்ஙனம்?

சட்டம் இவ்வகையில் சிறிது துணை நிற்கின்றது. முன்னர் 60 நாள்களாக இருந்த மகப்பேற்று விடுப்பு, 2023-ஆம் ஆண்டு சனவரி 1-ஆம் நாள் முதல் 98 நாள்களாக உயர்ந்தது. அதே நாள் முதல், தனியார் துறையில் வேலை செய்யும் தந்தைக்கும் சம்பளத்துடன் 7 நாள் விடுப்பு உண்டு. அவர் அம்முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பேறு எதிர்பார்க்கப்படும் நாளுக்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். ஐந்து பேறு வரை இவ்வுரிமை உண்டு. இதனை அறியாத தந்தையர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர் என்பதால் இங்குக் குறிப்பிட்டோம்.

ஏழு நாள் என்பது நீண்ட காலமன்று. ஆயினும் அந்த ஏழு நாளில் நாங்கள் கற்றது மிகுதி. பிறந்த நாளன்றே காசநோய்த் தடுப்பூசியும் மஞ்சள் காமாலை ‘பி’ தடுப்பூசியும் மருத்துவமனையில் போடப்பட்டன. வீடு திரும்பிய பின் அரசாங்கத் தாதியர் பலமுறை இல்லம் தேடி வந்தனர். குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் கிடத்தி, தோலும் கண்ணும் மஞ்சள் பூத்துள்ளனவா எனப் பார்த்தனர். பிறந்த குழந்தைகள் பலருக்கு மஞ்சள் நிறம் தோன்றி மறைவதுண்டு. ஆயினும் அளவு மீறினால் மூளையைத் தாக்கும். ஆகவே, ‘தானே சரியாகிவிடும்’ என்று வீட்டில் வைத்திருக்கலாகாது என அவர்கள் அழுத்திக் கூறினர்.

இன்னொரு செய்தியும் சொன்னார்கள். நம் நாட்டில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து, ‘ஜி6பிடி’ என்னும் குறைபாடு உண்டா எனச் சோதிக்கின்றனர். அக்குறைபாடுள்ள குழந்தைக்கு, துணிப்பெட்டியில் நாம் இடும் அந்துருண்டையின் வாடைகூட இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்க வல்லது. எங்கள் மகளுக்கு அக்குறைபாடு இல்லை. ஆயினும் பெட்டியிலிருந்த உருண்டைகளை அன்றே எடுத்தெறிந்தோம். நாளை எங்கள் வீட்டிற்கு வேறொரு குழந்தையும் வரலாமன்றோ?

விடுப்பின் ஐந்தாம் நாள், தந்தையானவர் பதிவிலாகாவிற்குச் சென்று பிறப்பைப் பதிந்து வந்தார். தீபகற்ப மலேசியாவில் 60 நாள்களுக்குள் இதனைச் செய்து முடிக்க வேண்டும். இருவரின் அடையாள அட்டைகளும் திருமணப் பத்திரமும் கையில் இருந்தமையால் வேலை எளிதில் முடிந்தது. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் சட்டத்தின் முன் போதாது. 1982-ஆம் ஆண்டு மார்ச்சு 1-ஆம் நாள் முதல் நம் திருமணங்களைப் பதிவு செய்வது கட்டாயமாகியுள்ளது. பெற்றோர் விட்ட இத்தகைய இடைவெளிகளால், அடையாள ஆவணமின்றித் தவித்தோர் நம் சமூகத்தில் பலர். அவர்களுக்கெனவே 2011-ஆம் ஆண்டில் ‘மைடஃப்தார்’ என்னும் பதிவியக்கம் நடத்த வேண்டியிருந்தது. பிள்ளைக்கு வளையல் வாங்குமுன் பிறப்புப் பத்திரம் வாங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

வீட்டிலே மூத்தோர் வழக்கமும் தாதியர் சொல்லும் சில இடங்களில் இணைந்தன. சில இடங்களில் முரண்பட்டன. தாய்க்குச் சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் அன்னையார் சமைத்துக் கொடுத்தார், எவரும் மறுக்கவில்லை. குழந்தையின் நாவில் தேன் தடவ அவர் விரும்பியபோது, ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது. அதில் உயிருக்கு ஊறு செய்யும் நுண்ணுயிர் இருக்கக்கூடும் எனத் தாதி பணிவுடன் விளக்கினார். அன்னையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “என் காலத்தில் எனக்கு இப்படி உட்கார்ந்து சொல்வதற்கு ஒருவரும் வரவில்லை அம்மா” என்றார். தேன்புட்டி அடுக்களைக்குத் திரும்பியது. திருஷ்டிப் பொட்டு மட்டும் கண்ணிலிருந்து விலகிக் கன்னத்தில் இடம்பெற்றது.

இனி இரவைப் பற்றிக் கூறுவோம். பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் அருந்தும். அதற்குப் பகலும் தெரியாது, பெரட்டும் தெரியாது. பாலூட்டும் பணியைத் தாயே செய்ய இயலும். ஆனால் பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தடவி ஏப்பம் விடச் செய்வதும், நனைந்த துணியை மாற்றுவதும், மல்லாத்திப் படுக்க வைப்பதும் எவரும் செய்யத்தக்கவை. ஆகையால் நாங்கள் இரவைப் பங்கிட்டுக்கொண்டோம். நள்ளிரவு வரை ஒருவர் விழித்திருந்தால், பின்னிரவில் மற்றவர். காலை ஆறு மணிக்குக் குலை வெட்டச் செல்பவருக்கு முன்னிரவு, தாய்க்குப் பின்னிரவு. இருவருக்கும் தொடர்ந்து நான்கு மணி நேர உறக்கமாவது கிட்ட வேண்டும் என்பதே எங்கள் ஒப்பந்தம்.

துணி துவைப்பது தந்தையின் பங்காயிற்று. வேலை முடிந்து வந்து, குழாயடியில் அமர்ந்து அணையாடைகளைத் துவைத்துக் கொடியில் உலர்த்துவார். முதல் நாள் லயமே வாயில்களில் நின்று வேடிக்கை பார்த்தது. அடுத்த வீட்டுப் பெரியவர், “எங்கள் காலத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது தம்பி, இப்போது நீயே ஆயா ஆகிவிட்டாய்!” என்றார். அனைவரும் நகைத்தனர், நாங்களும் நகைத்தோம். துவைக்கும் வேலை மட்டும் நிற்கவில்லை. மறுவாரம் அப்பெரியவரே இரண்டு மூங்கில்களை வெட்டி வந்து, துணி உலர்த்த இன்னொரு கொடி கட்டிக் கொடுத்தார். “மழைக்காலத்தில் ஒரு கொடி போதாது தம்பி” என்பதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

எல்லா நாளும் இன்பமாகவே கழிந்தது எனச் சொன்னால் அது பொய்யாகும். முதல் திங்களில் தாய் காரணமின்றி அழுத நாள்கள் உண்டு. “வீட்டில் மகாலட்சுமி பிறந்திருக்கும்போது கண்ணீர் எதற்கு?” என்று உறவினர் சிலர் வினவினர். தாதி அவ்வாறு வினவவில்லை. உறக்கம் எப்படி, பசி எப்படி, மனம் எப்படி என்று பொறுமையுடன் கேட்டார். பிள்ளை பெற்ற சில நாள்களில் மனம் கலங்குவது இயல்பு. இரு வாரத்திற்கு மேலும் அது நீங்காவிடில், அது நோய். நோய்க்கு மருத்துவம் உண்டு என்றார். தாயின் மனமும் மெல்லத் தெளிந்தது. பிள்ளை பெற்றவளின் கண்ணீரை நன்றி கெட்ட செயலாகக் கருதும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும்.

98 நாள்கள் ஓடி மறைந்தன. எந்த வினாவிற்கு அன்று ஆயாக்கொட்டகை விடையாக இருந்ததோ, அதே வினா எங்கள் வாயிலில் வந்து நின்றது. தாய் வேலையை விட்டுவிடலாம் என்றனர் சிலர். ஆனால் நாங்கள் குடியிருக்கும் வீடு தோட்டத்திற்குரியது. வேலை உள்ளவரைதான் அதில் இடம். சொந்தமாக ஒரு கூரை வேண்டுமாயின் இருவரும் உழைத்தாக வேண்டும். 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற குழந்தைப் பராமரிப்பு நிலையம் நகரத்தில் உண்டு. ஆயினும் அதன் கதவு திறக்குமுன்னரே தோட்டத்தில் வேலை தொடங்கிவிடுகின்றது. போக்குவரத்துச் செலவும் ஏறும்.

மூன்று இரவுகள் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். தாய் காலை எட்டு மணிக்குக் கடைக்குப் புறப்படும் வரை குழந்தை அவரிடம். அதன்பின் பிற்பகல் இரண்டரை வரை பாட்டியிடம். குலை வெட்டித் திரும்பியவர் குளித்து உண்டதும், மாலை தாய் வரும் வரை தந்தையிடம். பீய்ச்சி எடுத்த தாய்ப்பால், நாளும் நேரமும் குறிக்கப்பட்டுக் குளிர்பெட்டியில் இருக்கும்.

அன்னையாருக்கு முழங்கால் வலி உண்டு. அவருடைய உழைப்பை இலவசமாகப் பெற எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. மாதந்தோறும் ஒரு தொகை தருவதாகக் கூறினோம். “பேத்தியைப் பார்த்துக்கொள்ளக் கூலியா?” என்று அவர் சினந்தார். “அன்று ஆயாவுக்குத் தோட்டம் சம்பளம் கொடுத்ததே அம்மா” என்றோம். அவர் சிறிது நேரம் எங்களைப் பார்த்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார். அதில் ஒரு பகுதி இப்போது தைலப்புட்டியாக அவர் முழங்காலுக்குச் செல்கின்றது. மறுபகுதி பேத்தியின் பெயரில் சேமிப்புக் கணக்கில் ஏறுகின்றது.

அன்புமிக்க மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டிலும் தம்பியோ தங்கையோ தொட்டிலில் இருக்கலாம். நீங்கள் கால்மணி நேரம் அத்தொட்டிலை ஆட்டினால், உங்கள் அன்னை அந்நேரத்தில் அமைதியாக ஒரு வாய் சோறு உண்பார். ஆண்பிள்ளைகள் இதில் வெட்கப்பட ஏதுமில்லை. பெற்றோர்களே! குழந்தை வளர்ப்பு தாய் ஒருத்தியின் கடன் என்னும் எண்ணம், பத்து வீட்டுக் கைகள் துணைநின்ற காலத்திற்கே முழுதும் பொருந்தியதில்லை. இன்றைக்கு அது சற்றும் பொருந்தாது. தந்தையின் தோளும் பாட்டியின் மடியும் அண்டை வீட்டாரின் மூங்கிலும் சேர்ந்தால்தான் ஒரு பிள்ளை வளரும்.

இன்னும் சில ஆண்டுகளில் எங்கள் மகளும் புத்தகப் பையைச் சுமந்து இப்பள்ளியின் படியேறுவாள். அன்று அவளுக்கு எழுத்தறிவிக்கப் போகும் ஆசிரியப் பெருமக்களுக்கும், அவளோடு இவ்வகுப்பறைகளில் அமரப் போகும் பிள்ளைகளுக்கும், அவர்களை இன்று தோளில் சுமந்து இரவெல்லாம் விழித்திருக்கும் இளம் பெற்றோர்க்கும் எங்கள் நல்வாழ்த்துகள் உரியனவாகுக.